ஸ்கி-டூவுக்கு முன்பே பனியில் வண்டி ஓடியது
ஸ்கி-டூ என்ற சின்ன பனிவண்டி 1959-ல் வந்த பிறகுதான் பனிக்காலப் பயணம் மாறியது என்று பனிவண்டி பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது; அதற்கு என் பதில் இது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அந்த மாற்றம் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. 1934 குளிர்காலத்தில் வால்கோர்ட் என்ற சிற்றூரில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் வயிற்றில் சீழ்பிடித்து இறந்தான். சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. ஏற்கெனவே பனிவண்டி செய்து பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர், அடுத்த ஆண்டே ரப்பர் பூசிய பல்சக்கரத்தையும், அது சுழற்றி ஓட்டும், ரப்பர் வார்களை இரும்புக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த பட்டையையும் உருவாக்கினார். 1937-ல் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்துச் செய்த பி-7 வண்டியில் ஏழு பேர் உட்காரலாம்: முன்னால் சறுக்குக்கட்டை, பின்னால் பட்டை, மேலே ஒட்டுப்பலகைக் கூடு. அப்புறம் 1942-ல் பன்னிரண்டு பேருக்கான பி-12. ஆம்புலன்ஸ், தபால் வண்டி, பள்ளி வண்டி என்று பனிக்காலம் முழுக்க இவைதான் ஓடின. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் பனிவண்டியைப் பற்றி 'இது பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள்' என்று எழுதியிருக்கிறார். டாக்டர் வீடு தேடி வர உதவிய வண்டியை அப்படிச் சொல்வது நியாயமே இல்லை. சரி, சின்ன வண்டியை மட்டும் கணக்கில் எடுத்தாலும், அமெரிக்காவின் விஸ்கான்சினில் கார்ல் எலியசன் என்பவர் 1924-லேயே படகு மோட்டாரைப் பொருத்தி ஒன்று செய்துவிட்டார். கட்டுரையில் விடுபட்ட முக்கியமான விஷயம் இன்னொன்று: 1948-ல் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனி அகற்ற வேண்டும் என்று சட்டம் போட்டது, பெரிய வண்டிகளின் விற்பனை சரிந்தது. பின்னால் எடை குறைந்த எஞ்சின்கள் கிடைத்ததும் பொம்பார்டியே ஸ்கி-டூ பக்கம் திரும்பியதற்கு இந்தச் சரிவும் ஒரு காரணம்.