ஒக்கி அறிக்கைக்கு வந்த பதிலையும் படிப்போம்

ஒவ்வொரு நவம்பர் 30-க்கும், 2017-இல் நம் குமரி மாவட்டக் கடலைத் தாக்கிய ஒக்கிப் புயலில் போனவர்களை நினைக்கிறோம். அந்தப் புயலைப் பற்றி நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழு 2018-இல் தனி அறிக்கையே கொடுத்தது. 211-ஆவது அறிக்கை, அப்போது தலைவர் ப. சிதம்பரம். தூத்தூர் முதல் குளச்சல் வரை எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்போம்?

புயலுக்கு ஏன் உள்துறை? பேரிடர் மேலாண்மை அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் எச்சரிக்கை தரும் வானிலைத் துறை புவி அறிவியல் அமைச்சகத்தில், தேடப்போகும் கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்தில், மீன்வளம் இன்னொன்றில். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் படகுக்கு, கரை வயர்லெஸ் எட்டாத தூரத்தில், செய்தி போய்ச் சேரவில்லை என்றால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டலாம். அத்தனை அதிகாரிகளையும் வரவழைத்து, ஆவணத்தோடு பதில் கேட்க இந்தக் குழுவால் முடியும். இதைவிடப் பெரிய பலம் அதற்கு இல்லை என்பேன்.

மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10, ஆக 31 பேர். அமைச்சர்களுக்கு இடமில்லை. மானியக் கோரிக்கைகளையும் (அமைச்சகம் தன் செலவுக்குக் கேட்கும் பணம்) அனுப்பப்படும் மசோதாக்களையும் பார்ப்பார்கள். 2023-இல் மூன்று குற்றவியல் சட்ட மசோதாக்களும் இங்கேதான் வந்தன. அன்றாட நிர்வாகத்தில் தலையிட மாட்டார்கள். அதனால் குழு கருத்துக் கேட்கும்போது 'ஸ்டேஷனில் மனு வாங்கவில்லை' என்று எழுதினால் பயனில்லை. எச்சரிக்கை எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வழியாக வந்தது, படகு அப்போது எத்தனை கடல் மைலில் கிடந்தது என்று எழுதினால் அதை வைத்துக் கேள்வி கேட்க முடியும்.

பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. இதுதான் பலவீனம். ஆனால் அமைச்சகம் 3 மாதத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களைக் குழு நான்காகப் பிரிக்கும்: அரசு ஏற்றவை, குழு மேற்கொண்டு வலியுறுத்தாதவை, பதில் திருப்தி தராதவை, இறுதிப் பதில் வராதவை. கடைசி இரண்டும்தான் நாம் படிக்க வேண்டியவை. 'பரிசீலனையில் உள்ளது', 'மாநிலப் பொறுப்பு' என்ற வரிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். குழுவின் ஆயுள் ஓராண்டு. உறுப்பினர்கள் மாறிப்போனால் விடாமல் துரத்திக் கேட்க ஆள் இருக்காது.

உள்துறை என்றால் காவல்துறையும் நினைவுக்கு வரும்; ஆனால் அது மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசின் அதிகாரத்தில், இருப்பதும் உண்மைதான். அப்படியென்றால் மாநிலத்தில் கேட்பது யார்? களியக்காவிளையைத் தாண்டினால் கேரள சட்டமன்றத்தில் துறைவாரியாக 14 பொருள் குழுக்கள் உண்டு, உள்துறைக்கும் சேர்த்து. நம் சட்டமன்றத்தில் அப்படித் துறைவாரிக் குழு இல்லை. போலீஸ் மானியம் அவையில் பேசியதோடு முடிந்துவிடுகிறது. நம் மாவட்ட எம்.எல்.ஏ.க்கள் கட்சி பாராமல் கேட்க வேண்டியது இது. எம்.பி.யிடம் கேட்க வேண்டியது வேறு: 211-ஆவது அறிக்கையில் இன்னும் இறுதிப் பதில் வராதவை எவை?