கடலில் போடச் சொன்ன மனிதர்

‘ஐரிஷ் ராட்சதர்’ சார்லஸ் பைர்னின் எலும்புக்கூட்டை லண்டன் ஹண்டேரியன் அருங்காட்சியகம் இப்போது பார்வைக்கு வைக்காதது அறிவியலுக்கு நஷ்டம் என்று ஒரு கட்டுரையாளர் வருத்தப்படுகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பைர்ன் 1782-ல் லண்டன் வந்து, காசு வாங்கிக்கொண்டு தன் உயரத்தைக் காட்டிப் பிழைத்தவர். விளம்பரத்தில் எட்டடிக்கு மேல் என்று போட்டார்கள். எலும்பை அளந்தால் ஏழடி ஏழங்குலம்தான். எடின்பரோவில் தெருவிளக்கிலேயே புகைக்குழாயைப் பற்றவைத்தார் என்றொரு கதையும் உண்டு. அடுத்த வருஷமே, 22 வயதில் போய்விட்டார்.

சாகும் முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஈயப்பெட்டியில் அடைத்துக் கடலில் போட்டுவிடுங்கள். தன் உடலுக்கு மருத்துவர் ஜான் ஹண்டர் குறிவைத்திருந்தது அவருக்குத் தெரியும். கடைசியில் ஹண்டர்தான் ஜெயித்தார், லஞ்சம் கொடுத்து உடலை வாங்கி. ஓவியர் ரெனால்ட்ஸ் வரைந்த ஹண்டரின் ஓவியத்தில் மேல் மூலையைப் பாருங்கள்: இரண்டு நீளமான கால் எலும்புகள் தொங்கும். பைர்னுடையவை!

சரி, அறிவியல் லாபம்? 1909-ல் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் மண்டையோட்டைத் திறந்து பார்த்து, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பிட்யூட்டரி சுரப்பி இருந்த குழி பெரிதாகியிருந்ததைக் கண்டார். 2011-ல் பல்லிலிருந்து டிஎன்ஏ எடுத்து, வடக்கு அயர்லாந்துக் குடும்பங்களில் இன்றும் இருக்கும், ராட்சத வளர்ச்சிக்குக் காரணமான அதே மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். நல்லதுதான். அதற்குக் கண்ணாடிப் பெட்டி எதற்கு? 2023-ல் ஹண்டேரியன் அருங்காட்சியகம் பார்வையிலிருந்து எடுத்ததே தவிர, ஆராய்ச்சிக்கென்று இன்னமும் வைத்துத்தான் இருக்கிறது. கடலுக்கு அனுப்பவில்லை, ஐயா.