குங்குமம் கொட்டினால் புருஷனுக்கு ஆபத்து

சீரியலில் குங்குமச் சிமிழ் கைதவறி விழுந்தால் புருஷனுக்கு விபத்து. சாமி விளக்கு அணைந்தால் வீட்டுப் பெரியவர் காலி. பழைய படங்களில் இரண்டு பூ முட்டிக்கொண்டால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதையெல்லாம் குறியீடு என்று சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. சிவப்பு விழுந்தால் நில் என்கிற சிக்னல் விளக்கு மாதிரிதான். குங்குமம் கொட்டியதற்கும் லாரி மோதியதற்கும் கதைக்குள் ஒரு சம்பந்தமும் கிடையாது.

திரையில் வரும் பொருளுக்கு முதலில் கதையில் ஒரு வேலை இருக்கணும். மற்ற அர்த்தம் அப்புறம் வந்து ஏறிக்கொள்ளும்.

நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் 'ஃபன்றி' (2013) பார்த்தவர்களுக்கு அந்த இடம் மறக்காது. ஜப்யா, சாதியால் ஒதுக்கப்பட்ட கைக்காடி சமூகத்துப் பையன். ஊரில் திரியும் பன்றிகளைப் பிடிப்பது அவன் குடும்பத்தின் தலையில் கட்டப்பட்ட வேலை. கூடப் படிக்கிற பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே விரட்ட வேண்டியிருக்கிறது. அவன் ஆசைப்படும் பெண்ணும் அங்கேதான் இருக்கிறாள். பன்றி சிக்கப்போகிற நேரம் பார்த்து தேசிய கீதம் ஒலிக்கிறது. ஜப்யா விறைத்து நிற்கிறான். குடும்பமே நிற்கிறது. பன்றி மட்டும் தன்பாட்டுக்குப் போய்விடுகிறது.

சிரிப்புதான் வரும். அப்புறம்தான் உறைக்கும்: இவர்களை மனுஷராகவே மதிக்காத ஊரில், நாட்டுக்கு மரியாதை செய்ததற்கு இவர்கள் கொடுத்த விலை பிழைப்பு. யாரும் வசனம் பேசவில்லை. பள்ளியில் கீதம் ஒலிப்பது சாதாரணம், பன்றி ஓடுவதும் சாதாரணம். பிறகு ஒருவழியாகப் பிடித்த பன்றியைத் தூக்கிக்கொண்டு போகும்போது பின்னால் சுவரில் அம்பேத்கர், பெண் கல்விக்குப் பாடுபட்ட சாவித்ரிபாய் பூலே. அதுவும் மகாராஷ்டிரப் பள்ளிச் சுவரில் இருக்கக்கூடியதுதான்.

நம்ம பக்கம் 'கர்ணன்' (2021). முன்னங்கால் கட்டப்பட்ட அந்தக் கழுதையை எல்லாரும் கொண்டாடினார்கள். முதல் தடவை பார்க்கும்போது எனக்கும் பிடித்தது. ஆனால் இயக்குநர் மாரி செல்வராஜ் திரும்பத் திரும்பக் காட்டியதில் கழுதை காணாமல் போய், அர்த்தம் மட்டும் நொண்டிக்கொண்டு வந்தது. எனக்கு அந்தப் படத்தின் பெரிய குறியீடு பேருந்துதான். அது கர்ணனின் ஊரில் நிற்காமல் போவதால் நடுரோட்டில் ஒரு பிள்ளை சாகிறது. கல்லூரிக்குப் போகிற பெண் பக்கத்து ஊரான மேலூர் நிறுத்தத்தில் போய் நின்று சீண்டப்படுகிறாள். கடைசிவரை அது பேருந்தாகவே இருக்கிறது.

கழுதை ரசிகர்கள் கமெண்டில் சண்டைக்கு வரலாம்.