பயங்கரவாதத்துக்கு என்ன பதில் என்று எழுதும் கம்பஸ் பிள்ளைகளுக்கு

கிளிநொச்சியில் படிக்கும் மருமகள், தங்கள் மாணவர் பத்திரிகையின் இரண்டு பக்கங்களைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பயங்கரவாதத்தை ஓர் அரசு எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்று விவாதம். ஒருவர் கடும் சட்டம் வேண்டும் என்கிறார், மற்றவர் மனித உரிமை பேசுகிறார். இரண்டிலும் அமெரிக்கா இருக்கிறது, இஸ்ரேல் இருக்கிறது, ஐ.நா. இருக்கிறது. வன்னி மட்டும் இல்லை.

அமெரிக்காவை இழுத்தபடியால் அதிலிருந்தே வருகிறேன். 2001 செப்டெம்பர் 11 தாக்குதல் நடந்து ஒரு கிழமையில், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகையான டெய்லி கலிபோர்னியன் ஒரு கேலிச்சித்திரம் போட்டது. சொர்க்கத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்த விமானக் கடத்தல்காரர்கள் நரகத்தில் நிற்கிறார்கள். இது முஸ்லிம்கள் எல்லோரையும் இழிவுபடுத்துகிறது என்று மாணவர்கள் பத்திரிகை அலுவலகத்துக்கே போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். பத்திரிகை மறுத்துவிட்டது. அந்தத் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் பார்பரா லீதான், படைபலத்தைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்தை எதிர்த்தவர். பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 420, எதிர்ப்பு அவர் ஒருவர். கொலை மிரட்டல்கள் வந்தன. அடுத்த தேர்தலிலும் அவரே வென்றார். அந்த நாட்டு அரசு பிறகு ஈராக்கில் என்ன செய்தது என்பது வேறு கதை. ஆனால் அந்தக் கேலிச்சித்திரத்துக்காக ஆசிரியர் குழுவில் ஒருவரையும் பயங்கரவாதச் சட்டத்தில் தூக்கிக்கொண்டு போகவில்லை.

இங்கே 2019 ஏப்ரலில் இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவொன்று உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்த பிறகு, மே 3ஆம் திகதி யாழ். பல்கலைக்கழகத்தில் தேடுதல் நடந்தது. மாணவர் ஒன்றிய அறையில் பிரபாகரனின் படம் இருந்ததாம். தலைவரும் செயலாளரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது. உயிர்த்த ஞாயிறன்று குண்டு வைத்தவர்கள் யார், பிடிபட்ட பிள்ளைகள் யார்! இதற்குப் பிறகு ஒரு மாணவர் புனைபெயரில் எழுதினால் நான் குறை சொல்லமாட்டேன்.

கடும் சட்டம் கேட்கும் தம்பியையும் நான் கேலி செய்யவில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்தவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். அதைப் பார்த்த யாருக்கும் கோபம் வரும். ஆனால் தம்பி, 2019இல் நாட்டில் கடும் சட்டம் இல்லாமலா இருந்தது? பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தது, நாற்பது வருடமாக இருந்தது. குற்றப்பத்திரிகை இல்லாமலே ஒருவரை 18 மாதம் வரை தடுத்து வைக்க அதில் இடமிருந்தது. 2022 திருத்தத்தில்தான் அது 12 மாதமானது. தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியா முன்கூட்டியே தகவல் கொடுத்தும் இருந்தது. கிடைத்த தகவலை வைத்து ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் கட்டுரையில் இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லையே.

சரி, வன்னிக்கு வருவோம். தொண்ணூறுகளில் பயங்கரவாதத்துக்கு அரசு கொடுத்த பதில் இங்கே பொருளாதாரத் தடையாகத்தான் வந்து இறங்கியது. பற்றரி வராது, சீமெந்து வராது, யூரியா வராது. மண்ணெண்ணெய் அளந்துதான் வரும். யூரியாவில் குண்டு செய்யலாம் என்பது உண்மை. அது இல்லாமல் வயல் செய்யமுடியாமல் போனதும் உண்மை. வவுனியாவில் நிற்கப் பாஸ், அங்கிருந்து வெளியே போகவும் பாஸ். தகப்பன் செத்த வீட்டுக்குப் போவதற்கும் யாரோ ஒருவர் கையெழுத்து வைக்கவேண்டும். இதையெல்லாம் அனுபவித்த சனம் இன்னும் உங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கிறது. அம்மம்மாவிடம் அரை மணித்தியாலம் கேட்டு எழுதியிருந்தால், நியூயோர்க்கைப் பற்றிக் கூகிளில் தேடி எழுதியதைவிட நூறு மடங்கு கனமான கட்டுரை வந்திருக்கும்.

ஆனால் அதோடு நிறுத்தினால் அதுவும் அரைக் கட்டுரைதான். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோதும் பாதுகாப்பைத்தான் காரணம் காட்டினார்கள். சிலர்மேல் சந்தேகம், போகவேண்டியது முழுச் சனமும். 2019இல் அதே கணக்கு வேறு ஆட்களின் கையில். நீர்கொழும்பில் அடித்து விரட்டப்பட்ட அகதிகள் சிலரை வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்து உயிர்தப்பி ஓடிவந்தவர்கள். எங்கள் சனம் ஆயிரக்கணக்கில் முகாமில் இருந்த அதே பூந்தோட்டம். அங்கேயும் அவர்கள் வரக்கூடாது என்று எதிர்ப்பு வந்தது. முகாமில் கிடந்து வந்த ஊர் அப்படிச் சொல்லலாமா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்று. மன்னார்ப் பெடியன் அஹ்னாப் ஜஸீம், தமிழில் கவிதை எழுதுகிறவர். தன் கவிதைப் புத்தகத்துக்காக 2020 மே மாதம் இதே சட்டத்தில் கைதானார். ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்து, 2021 டிசெம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர் மன்னார்க்காரர், எங்கள் வன்னித் தேர்தல் மாவட்டம், எங்கள் மொழியில் எழுதியவர். பயங்கரவாதத்துக்கு என்ன பதில் என்று ஒரு வன்னிக் கம்பஸ் பத்திரிகை இரண்டு பக்கம் எழுதுகிறது, அதில் அவர் பெயர் இல்லை. அவர் முஸ்லிம் என்பதாலா, அல்லது கேள்விப்படவே இல்லையா? எது காரணம் என்றாலும் ஆசிரியர் குழு இருந்து யோசிக்கவேண்டிய விசயம்.

உங்கள் பீடத்திலேயே சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அடுத்த இதழுக்கு மன்னார் முசலியில் இருந்து வந்த ஒருவரிடமும், நீர்கொழும்பிலோ குருநாகலிலோ இருந்து வந்த ஒருவரிடமும் கட்டுரை கேளுங்கள். சிங்களத்தில் தந்தால் மொழிபெயர்த்துப் போடுங்கள். கடும் சட்டம் கேட்ட தம்பிக்கும் பதில் எழுத இடம் கொடுங்கள். அவர் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டி எழுதினாலும் சரி, வெட்டாமல் போடுங்கள்.