எல்லா நத்தையும் பீடை அல்ல

வீட்டுத் தோட்டத்து நத்தைகளை உப்பிட்டு அழிக்கச் சொல்லும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். அது, 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கப் பெருநத்தையையும் இந்த மண்ணுக்கே உரிய சின்னஞ்சிறு தரைநத்தைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. இலங்கையில் அறியப்பட்ட ஏறக்குறைய 250 தரைநத்தை இனங்களில் ஐந்தில் நான்கு பங்கு உலகில் வேறெங்கும் இல்லாதவை.

சென்ற மாரியில், மட்டக்களப்பில் எங்கள் வளவின் பலாமரத்தடியில் ஈரச்சருகு ஒன்றைப் புரட்டியபோது, நரம்போரமாக அரிசிக் குறுணலிலும் சிறிய ஓடொன்று ஒட்டியிருந்தது. கைவில்லையில் பார்த்தால், உடலின் ஓரத்தில் ஊசிமுனைத் துளையொன்று திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. அத்துளைதான் அதன் மூச்சுவழி. செவுள் இல்லாத இவ்வகை நத்தைகளுக்கு ஓட்டினுள் இருக்கும் குழியே நுரையீரலாகிறது. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் ஓட்டின் வாயைச் சளிப்படலத்தால் அடைத்துக்கொண்டு, சருகுக்கும் மரப்பட்டைக்கும் அடியில் மழை வரும்வரை அவை உறங்கிக் கிடக்கும்.

பெரும்பாலும் இவை உண்பது மக்கிய இலையும் பூஞ்சணமும் பாசியுமே அன்றி நம் கீரைப்பாத்தியை அல்ல. ஆகவே பீடையான பெருநத்தையை மட்டும் கையால் பொறுக்கி அகற்றுங்கள். உப்பைத் தூவ வேண்டாம், சருகைக் கூட்டி எரிக்கவும் வேண்டாம்.