பெட்ரோல் கணக்கு மட்டும் போதாது

ஆற்றுப் படகு ஓட்டும் செலவு பற்றிய ஒரு கட்டுரை, பெட்ரோல்தான் பெரிய செலவு என்கிறது. 10 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் இன்ஜின்) முழு வேகத்தில் மணிக்கு சுமார் 4 லிட்டர் குடிக்கும், சரி. ஆனால் கொள்ளிடம் மாதிரி மணல் ஆற்றில் ஓட்டுபவர்கள் தண்ணீர் பம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்ஜினைக் குளிர்விக்க ஆற்றுத் தண்ணீரைத்தான் அது உறிஞ்சுகிறது. ஆழம் குறைந்த இடத்தில் மணலும் கூடவே ஏறி, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைத் தேய்த்துவிடும். பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். வருஷம் ஒருமுறை அந்த ரப்பரை மாற்றுவது சின்னச் செலவுதான். விட்டால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அப்புறம் இன்ஜினையே பிரிக்க வேண்டியதுதான்.

கியர் ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். விசிறித் தண்டில் சுற்றும் வலை நூல்தான் பெரும்பாலும் அந்த சீலை அறுக்கும். நூலை அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள். பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின் வாங்குபவர்கள் பெட்ரோலில் கலக்கும் ஆயிலையும் மறக்கக் கூடாது. பல இன்ஜின்களுக்கு 50 லிட்டருக்கு 1 லிட்டர். முகத்துவாரம் வரை போய் உப்புத்தண்ணீர் பட்டால், திரும்பியதும் ஒரு டிரம் நல்ல தண்ணீரில் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டிக் கழுவுங்கள்.