மொட்டைமாடி ஏறினாத்தான் லாகின்

ராத்திரி 2:40. அவசரத்துக்குக் கூப்பிடுற ஆன்கால் போன் அலறுது. ராத்திரி சர்வர்ல தானா ஓடுற நைட் ஜாப் பாதியில செத்துக் கிடக்கு. எல்லாரும் சேர்ந்து பேசுற பிரிட்ஜ் கால்ல ஒன்பது பேர் உக்காந்துக்கிட்டு "லாகின் ஆயிட்டீங்களா, லாகின் ஆயிட்டீங்களா"ன்னு நச்சரிக்கிறாங்க. லாகின் ஆக வேண்டிய நான் எங்க இருக்கேன் தெரியுமா? லுங்கியோட மொட்டைமாடியில, தண்ணி டேங்க் பக்கத்துல, போனைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஓடிபி வரணுமாம்.

ரெண்டு மாசம் முன்னாடி வீட்ல இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள போற வழியான எங்க கம்பெனி விபிஎன்னுக்கு ரெண்டாவது பூட்டு போட்டாங்க. பாஸ்வேர்டு அடிச்சா எஸ்எம்எஸ்ல ஆறு நம்பர் வரும், அதையும் அடிக்கணும். இதை முடிவு பண்ணினவங்க மீட்டிங் ரூம்ல சிக்னல் முழுசா இருந்திருக்கும். நான் இருக்கிறது தென்காசி பக்கத்துல ஒரு கிராமத்துல. பிராட்பேண்ட் நல்லாவே வருது, செல் சிக்னல்தான் கான்கிரீட்டைத் தாண்ட மாட்டேங்குது. லேப்டாப்பையும் மாடிக்குத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதானேம்பீங்க. வைஃபை மேல ஏறாது, சிக்னல் கீழ இறங்காது. நடுவுல 19 படி. நான்தான் ஏறி இறங்குறேன்.

ஓடிபி அஞ்சு நிமிஷம் செல்லும்னு எஸ்எம்எஸ்லயே போட்டிருக்கு. ஆனா அதை அடிக்கிற பெட்டி ஒரே நிமிஷத்துல மூடிக்குது! நம்பரை மந்திரம் மாதிரி முனங்கிக்கிட்டே இறங்கி, இருட்டுல செருப்புத் தடுக்கி, சேர்ல வந்து விழுந்து பார்த்தா பெட்டியைக் காணோம். மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி மாடி. மூணாவது தடவை ஏறுறப்ப அம்மா முழிச்சிட்டாங்க. "ஏல, நடுச்சாமத்துல மாடியில என்னல பண்ணுத?" ஓடிபிம்மான்னேன். "அத காலையில தேடிக்கிடலாம்லா"ன்னு திரும்பிப் படுத்துட்டாங்க.

இதுல கரண்ட் வேற. ஒரு தடவை கண்ணடிச்சாப் போதும், ரவுட்டர் அணைஞ்சு எந்திரிக்கும், விபிஎன் அறுந்துரும். திரும்பவும் 19 படி.

பூட்டே வேண்டாம்னு சொல்றவன் இல்ல நான். இருக்கிற பூட்டுலயே மட்டமானதைத் தேடிப் பிடிச்சு மாட்டியிருக்காங்களே, அதுதான் வயித்தெரிச்சல். போன்ல ஒரு ஆப் போட்டு, க்யூஆர் கோடை ஒரு தடவை ஸ்கேன் பண்ணிட்டா, அதுல இருக்கிற ரகசியச் சாவியையும் கடிகாரத்தையும் வெச்சு போனே 30 விநாடிக்கு ஒரு நம்பர் கணக்குப் போட்டுக் காட்டும். சிக்னல் வேண்டாம், நெட் வேண்டாம், போன்ல மணி சரியா ஓடினாப் போதும். கிணத்துக்குள்ள உக்காந்துகூட லாகின் நம்பர் பார்க்கலாம். ஆர்எஃப்சி 6238னு இதுக்குப் பொதுத் தரம் வந்தது 2011ல. சிம்மை ஏமாத்தி மாத்தி வாங்கி ஓடிபியைத் திருடிட்டுப் போறானுங்கன்னு, அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லயே எஸ்எம்எஸ்ஸைக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல தள்ளிருச்சு. அதெல்லாம் விடுங்க, நம்ம ஊர் கதைக்கு வாங்க. 2021 மார்ச் 8, தொலைத்தொடர்பு ஆணையமான ட்ராய் விதிப்படி எஸ்எம்எஸ்ஸை வடிகட்ட ஆரம்பிச்சாங்க, நாடு முழுக்க பேங்க் ஓடிபி படுத்துருச்சு. மறுநாளே ஒரு வாரம் நிறுத்தி வெச்சாங்க. அந்த எஸ்எம்எஸ்ஸை நம்பித்தான் இப்ப எங்க நிஜ வேலை நடக்குற பிரொடக்‌ஷன் ஓடுது.

ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் போட்டேன். "டிக்கெட் நம்பர் சொல்லுங்க சார்." தம்பி, புகார் டிக்கெட் போடுற போர்ட்டலே விபிஎன்னுக்குள்ளதான்பா இருக்கு. "அப்ப விபிஎன் கனெக்ட் பண்ணிட்டு டிக்கெட் போடுங்க சார்." அந்தப் பையனைத் திட்டி என்ன ஆகப்போகுது, அவனுக்கு எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான்.

சென்னை டீம்ல சிலருக்கு மட்டும் ஓடிபிக்குப் பதிலா, போன்ல அலர்ட் வந்து 'அப்ரூவ்' அமுக்கச் சொல்ற புஷ் குடுத்திருக்காங்க. அது தனிக் கூத்து. சர்வர் அஞ்சு விநாடிதான் பொறுக்கும். போனை எடுத்துத் திறக்கிறதுக்குள்ள பதில் வரலைன்னு மறுபடி தட்டும். ஒரு லாகினுக்கு மூணு அலர்ட். எதுன்னு பார்க்காம எல்லாத்துக்கும் 'அப்ரூவ்' அமுக்கியே பழகிட்டானுங்க. 2022ல ஊபர்ல புகுந்தவனும் ஒரு கான்ட்ராக்டருக்கு இப்படி அலர்ட்டா அனுப்பி, அவர் ஒண்ணை அமுக்கினதுலதான் உள்ள போனான்.

சரி, நேத்து ராத்திரிக்கே வர்றேன். மூணே காலுக்கு வெறுத்துப்போய் விபிஎன் சாப்ட்வேர்ல லிஸ்ட்டை இறக்கிப் பார்த்தேன். விபிஎன் நுழையுற வாசலான புது கேட்வேக்குக் கீழ பழசும் இருக்கு. சும்மா தட்டினேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு, குடுத்தேன், உள்ள விட்டுருச்சு. ஓடிபியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது! நாலு நிமிஷத்துல ஜாப்பை ஓட விட்டுட்டேன். அப்புறம்தான் வயித்தைக் கலக்குச்சு. 2021ல அமெரிக்காவுல கொலோனியல் பைப்லைன் கம்பெனில திருடன் நுழைஞ்சது இதே மாதிரி வாசல்லதான். யாரும் தொடாத பழைய விபிஎன் கணக்கு, வெறும் பாஸ்வேர்டு. கிழக்குக் கரைக்குப் பெட்ரோல் போற குழாயையே நாள் கணக்குல மூட வேண்டியதாப் போச்சு, 75 பிட்காயின் கப்பம் வேற கட்டினாங்க.

விடிஞ்சதும் செக்யூரிட்டி டீமுக்கு ஸ்கிரீன்ஷாட்டோட மெயில் போட்டேன். மத்தியானம் பதில் வந்துச்சு. அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம். மேலிடத்துல சிலருக்கு ஓடிபி அடிக்கிறது சிரமமா இருக்காம், அதுக்காக விட்டு வெச்சிருக்காங்களாம்.

சாயங்காலம் பழைய கேட்வேல இருந்து என் ஐடியை மட்டும் தூக்கிட்டாங்க.